ஃபிரிட்ஜுக்கு ஒரு ஜோடி செருப்பு

அக்டோபர் 3, வெள்ளி

மருமகனுக்கு என் வீட்டைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனியில் இன்ஜினியர். அவருக்கு மாமனார் வீட்டு வயரிங் பற்றி யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது என்றால் கம்பெனி நன்றாக நடக்கிறது என்றுதான் அர்த்தம். நேரில் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. மகள் வடிவு மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வருவதற்கு முன்னால் வயரிங்கை யாரையாவது வைத்து ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

யாரையாவது! முப்பது வருஷம் கரண்டு ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். பில் பிரிவுதான். இருந்தாலும் கரண்டு கரண்டுதானே. தெருவில் யார் வீட்டில் விளக்கு மினுக்கினாலும் குற்றாலிங்கம் அண்ணாச்சியிடம்தான் வந்து கேட்பார்கள். நானும் விளக்கமாகச் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போய் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அது அவர்கள் கொழுப்பு.

வீடு அப்பா கட்டியது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் முதல் பல்பு எரிந்தது இங்கேதான். சுவரில் தேக்குப் பட்டி அடித்து, அதற்குள் கம்பி ஓடும் வயரிங். இன்றைக்கு யார் தேக்கில் கம்பி ஓட்டுகிறார்கள்? இந்த வீட்டில் பிறந்தேன், இங்கேயே அறுபதைத் தாண்டிவிட்டேன். என்னை ஒரு நாளும் ஷாக் அடித்ததில்லை. இதை வடிவிடம் சொன்னேன். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

அக்டோபர் 6, திங்கள்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஜோடி நீலநிற ரப்பர் செருப்பு கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும். வெளியே போட்டுப் போகிற செருப்பு இல்லை, அடுக்களைக்கென்றே வாங்கியது. செவ்வாய், வெள்ளியில் என் மனைவி ஆவுடையம்மாள் அதையும் கழுவி வைத்துவிடுவாள். கிரைண்டரைத் தொட வேண்டுமானால் மணைப்பலகை மேல் நின்றுகொள்ள வேண்டும். குளியலறைக் குழாயைத் திறப்பதற்கு முன் ஹீட்டரை அணைக்க வேண்டும். ஹீட்டர் சுவிட்சை அகப்பைக் காம்பால் தட்ட வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம்? வடிவு எழுத்துப் படிப்பதற்கு முன்னாலேயே இதெல்லாம் படித்துவிட்டாள்.

ஆவுடை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. காலையில் காபி, பதினொரு மணிக்கு மோர், குளிக்க வெந்நீர் எல்லாம் என் கைக்கு வந்துவிடும். வயரிங் மோசமான வீட்டில் இப்படி நடக்குமா?

அக்டோபர் 10, வெள்ளி

இசக்கியை வரவழைத்தேன். மருமகன் வாயை அடைக்க ஒரு எலக்ட்ரீஷியன் வந்துபோனதாக இருக்கட்டும் என்றுதான்.

மெயின் போர்டைத் திறந்தவன் "அண்ணாச்சி" என்று ஒரு மாதிரி இழுத்தான். ஃபியூஸ் கட்டையில் நான் முறுக்கி வைத்திருந்த கம்பியைப் பார்த்துவிட்டான். முன்பெல்லாம் மழைக்காலத்தில் அடிக்கடி ஃபியூஸ் போகும். நான்தான் நாலைந்து கம்பியைச் சேர்த்து முறுக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு ஃபியூஸ் என்ற பேச்சே இல்லை. இதைச் சொன்னதும் பாராட்டுவான் என்று பார்த்தேன். டீ கிடைக்குமா என்று கேட்டான்.

வீடு முழுவதும் மாற்ற வேண்டும், எர்த்தே இல்லை, கம்பி மேல் இருக்கிற ரப்பர் தொட்டால் உதிர்கிறது என்றான். சொல்லத்தானே செய்வான். சலூனில் போய்த் தலைமுடி வெட்ட வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? கடைசியில் பேரம் பேசி, டிரிப்பர் என்று ஒரு பெட்டி மட்டும் மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன். கரண்டு எங்காவது வழிதவறிப் போனால் வீட்டையே அணைத்துவிடுமாம். மாட்டினான். மருமகனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். கை கூப்புகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

அக்டோபர் 11, சனி

டிரிப்பர் வீட்டை அணைத்தது. போட்டேன். அணைத்தது. போட்டேன். அணைத்தது.

அக்டோபர் 13, திங்கள்

கிரைண்டர் போட்டால் அணைகிறது. ஹீட்டர் போட்டால் அணைகிறது. ஃபிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பித்தாலே அணைகிறது. இரண்டு நாளாக டிவியில் முழுதாக ஒரு செய்தி பார்க்கவில்லை. நாட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. இசக்கியைக் கூப்பிட்டு, பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டாயே என்று கேட்டேன்.

"டிரிப்பர்ல பழுது இல்ல அண்ணாச்சி. கரண்டு எங்கனயோ கசியுது."

மழைக்குக் கூரை ஓடும்தான் கசிகிறது. அதற்காக வீடு கண்ணை மூடிக்கொள்கிறதா? டிரிப்பரை விட்டுவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "நீங்க கரண்டு ஆபீசுல இருந்தவுங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று கொடுத்துவிட்டான். கெட்டிக்காரன். சம்பளமும் வாங்கிக்கொண்டான், பொறுப்பையும் என் தலையில் வைத்துவிட்டான். டிரிப்பர் பெட்டி அலங்காரத்துக்குச் சுவரில் இருக்கிறது. படம்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே.

ஆவுடை அடுக்களை நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கி போன பிறகு, அந்த இரண்டு நாளும் ஃபிரிட்ஜ் சும்மா இருந்தது என்றாள். கரண்டு இல்லாவிட்டால் எல்லா ஃபிரிட்ஜும் சும்மாதான் இருக்கும் என்றேன்.

அக்டோபர் 18, சனி

நல்ல மழை. வடக்குச் சுவர் முழுக்க ஈரம். ஆவுடை கை தவறி மாவுச் சட்டியைப் போட்டுவிட்டாள். அடுக்களை முழுக்க மாவு. கவனம் இல்லை, வயதாகிறது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் துடைத்தாள். இன்று இட்லி இல்லை. உப்புமா.

அக்டோபர் 25, சனி

நாளை வளைகாப்பு. வடிவும் மருமகனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் வைத்து வருகிறார்கள். சம்பந்தியம்மா செண்பகவல்லி ரொம்ப ஆசாரம். அவர் வீட்டில் அடுக்களை வாசலில் ஈரத்துணி போட்டு, காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படிப்பட்டவர் வந்து பார்க்கும்போது நம் வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் செருப்பு கிடந்தால் என்ன நினைப்பார்? செருப்புக் காலோடு சமைக்கிற குடும்பம் என்று தூத்துக்குடி முழுக்கப் பேச்சாகிவிடாதா?

செருப்பை எடுத்துக் கொல்லைப்புறம் விறகு அறையில் வைத்தேன். மணைப்பலகையையும் அகப்பையையும் சேர்த்து.

ஆவுடை பின்னாலேயே வந்தாள். "அது அங்கனயே கெடக்கட்டும். நாளைக்கு மட்டும் எடுக்காதீங்க" என்றாள். நாளைக்கு மட்டும்தானே எடுக்கிறேன் என்றேன். ஃபிரிட்ஜை ஒரு நாள் அணைத்து வைப்போம் என்றாள். வருகிறவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்து அனுப்புவதா? நல்ல யோசனை. இந்தக் குடும்பத்தின் மானத்தைப் பற்றி யோசிக்க நான் ஒருவன்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வடிவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். சந்தனம், குங்குமம், ஆரத்தி. பெண்கள் பாடினார்கள். மழையும் விட்டிருந்தது. சம்பந்தியம்மா கலந்த சாதத்தில் புளியோதரையைப் பாராட்டினார். பிறகு, குடிக்கக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

வடிவு எழுந்து போனாள். ஆரத்தி எடுத்து வந்த ஈரக் கால், சந்தனம் கழுவின ஈரக் கை. ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். காலால் செருப்பைத் தேடுகிறாள். இல்லை. வெளியே எல்லாரும் காத்திருக்கிறார்கள். கையை நீட்டினாள்.

என் மனைவிக்கு மூட்டு வலி. படியேற ஐந்து நிமிஷம் ஆகும். அவள் சாதப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து வடிவின் கையைத் தட்டிவிட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியைப் பிடித்து இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். வளையல்கள் சடசடவென்று உடைந்து தரையெல்லாம் சிதறின.

வளைகாப்பு வளையல்! போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பெற்ற தாயே அதை உடைத்துவிட்டாள். பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா முகம் வெளுத்துவிட்டது. "என்ன மதினி இது, நல்ல நாளும் அதுவுமா" என்றார்.

ஆவுடைக்கு மூச்சு வாங்கியது. "செருப்பு இல்ல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எந்தச் செருப்பு என்று சம்பந்தியம்மா கேட்டார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் என் மகள், ஊர் உலகத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம் போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

"ஃபிரிட்ஜைத் தொடணும்னா செருப்பு போட்டுக்கிடணும் அத்தை. இல்லன்னா புடிச்சு இழுக்கும். அம்மாவை ரெண்டு மூணு தடவை கீழ தள்ளியிருக்கு."

கீழே தள்ளியதா? எனக்கு யாரும் சொல்லவில்லை.

மருமகன் எழுந்து மெயின் போர்டு இருக்கிற இடத்துக்குப் போனார். டிரிப்பரைப் பார்த்தார். அதைத் தொடாமல் பக்கத்தில் போகிற கம்பியைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் போய்த் தன் அம்மாவிடம் மெதுவாகப் பேசினார்.

சம்பந்தியம்மா என்னிடம் பேசவில்லை. ஆவுடையிடம்தான் சொன்னார்: "தப்பா எடுத்துக்கிடாதீங்க மதினி. பிள்ளை பிறக்கட்டும். அதுவரைக்கும் வடிவு எங்க வீட்லயே இருக்கட்டும்."

தலைப்பிரசவம் மாமியார் வீட்டில்! எங்கள் பரம்பரையில் கேள்விப்பட்டிராத அவமானம். ஆவுடை விட்டுக்கொடுக்க மாட்டாள், அழுதாவது தடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு வந்து, வேனில் வடிவு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதா என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். சாம்பார் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

நிம்மதியான நாள். வீட்டில் சத்தமே இல்லை. ஹோட்டலில் சாப்பிட்டேன். சாம்பாரைத் தொடவில்லை, பசிக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மோர் குடிக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். செருப்பு விறகு அறையில் இருந்தது. மழையில் அங்கே யார் போவார்கள்? என்னை ஒரு நாளும் ஷாக் அடித்ததில்லை என்பதால் அப்படியே திறந்தேன்.

கையில் ஒரு சின்னக் கூச்சம். அவ்வளவுதான். மோர்ப் பாத்திரம் எப்படிக் கீழே விழுந்தது என்று தெரியவில்லை. துடைத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

விறகு அறைக்குப் போய்ப் பலகை, அகப்பையோடு செருப்பையும் எடுத்து வந்தேன். ஆவுடையின் அளவு. என் குதிகால் பாதி வெளியே நிற்கிறது. வலது செருப்பில் பெருவிரல் இருக்கிற இடம் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. இவ்வளவு தேயும்வரை புதிது வாங்கக் கேட்கவில்லையே. இதை அவளிடம் போனில் கேட்கலாம் என்று எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

கிரைண்டரில் மாவு அரைக்கலாம் என்று நினைத்தேன். பலகை மேல் நின்றேன். ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டேன்.

தோசை வேண்டாம். ரொட்டி போதும்.

நவம்பர் 3, திங்கள்

இன்று காலை குளியலறை.

ஹீட்டரைப் போட்டேன். வெந்நீர் வந்தது. அணைக்க மறந்துவிட்டேன். தலையில் தண்ணீர், கண்ணில் சோப்பு. குழாயைப் பிடித்தேன். பிடித்தேனா, அது என்னைப் பிடித்ததா தெரியவில்லை. கையை எடுக்க முடியவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. கால் வழுக்கிக் கீழே விழுந்ததில் கை தானாக விடுபட்டது. விழுந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது?

தரையிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பயந்துவிட்டேன். எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்? நன்றாகப் பயந்துவிட்டேன். வீட்டில் கூப்பிட ஓர் ஆள் இல்லை. எழுந்து வெளியே வந்து எல்லாச் சுவிட்சையும் அகப்பைக் காம்பால் அணைத்தேன். அப்பா போட்ட சுவிட்ச், அழகான பித்தளை மூடி.

சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். வடிவு நன்றாக இருக்கிறாள். ஆவுடையைக் கூப்பிடச் சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டேன்.

"என்னது எத்தனை தடவை?"

"உன்னை அடிச்சது."

"அதை யாரு எண்ணிக்கிட்டு இருந்தா" என்றாள். "மழைக்காலத்துல கொஞ்சம் கூட அடிக்கும். சாப்பிட்டீங்களா?"

நவம்பர் 5, புதன்

இசக்கியைக் கூப்பிட்டு வீடு முழுக்க மாற்றச் சொன்னேன். மருமகன் பிடிவாதம் பிடிக்கிறார், பெண்ணைக் கொடுத்த இடம், என்ன செய்வது என்று சொல்லிவைத்தேன். ஆமாம் அண்ணாச்சி என்றான். கன்றிப்போயிருந்த என் உள்ளங்கையைப் பார்த்தான். நான் மூடிக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

வீடு போர்க்களம். சுவரெல்லாம் வெட்டு, சோற்றிலெல்லாம் சிமெண்டு. தேக்குப் பட்டியைக் கழற்றிக் கழற்றி முற்றத்தில் அடுக்குகிறார்கள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன அண்ணாச்சி, வயரிங்கில் பிரச்சினையா என்கிறார்கள். பிரச்சினை இல்லை, அழகுக்காக மாற்றுகிறேன் என்று சொல்கிறேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

பின்கட்டு அறை. வடிவுக்கும் பிள்ளைக்கும் என்று வெள்ளையடித்து வைத்திருந்த அறை. தொட்டில் கட்ட நான்தான் கொக்கி மாட்டினேன். அதற்கு நேர் மேலே போகிற பட்டியை இன்று கழற்றினார்கள். வெளியே பாலிஷ் அப்படியே மின்னுகிறது. உள்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கரி. தொட்டால் கையில் ஒட்டுகிறது. எப்போதோ உள்ளுக்குள்ளேயே எரிந்து, ஏனோ நின்றிருக்கிறது.

ஃபியூஸ் போயிருக்க வேண்டியது, கட்டையில் கம்பி தடிமனாக இருந்ததால் போகவில்லை என்று இசக்கி சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஏணியில் ஏறிவிட்டான்.

அந்தப் பட்டியை மற்றவற்றோடு அடுக்கவில்லை. நானே விறகு அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்து அந்த அறையில் நின்றேன். கொக்கி இருக்கிறது. இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

நவம்பர் 22, சனி

வேலை முடிந்தது. எர்த்துக்குக் கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறான். ஊற்றுகிறேன். டிரிப்பருக்கு முறையாக இணைப்புக் கொடுத்தாயிற்று. ஃபிரிட்ஜ், கிரைண்டர், ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். டிரிப்பர் அசையவில்லை. அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் அணைந்து காட்டும். அவ்வப்போது அமுக்கிப் பார்க்கிறேன். டிவி செய்தி பாதியில் போய்விடுகிறது. போகட்டும், நாட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஆவுடை வந்தாள். ஒரே ஒரு நாள், வீட்டைப் பார்த்துவிட்டுப் போகத்தான். அவள் சரி என்று சொன்னால்தான் வடிவு வருவாள் என்று மருமகன் சொல்லிவிட்டாராம். என் வீட்டுக்கு என் மனைவி சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். காலம் அப்படி.

எல்லா அறையையும் சுற்றிக் காட்டினேன். புது போர்டு, மூன்று ஓட்டை பிளக், டிரிப்பர். பொத்தானை அமுக்கிக் காட்டினேன். அடுக்களைக்கு வந்தாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். அவள் கால் தானாகத் தரையில் தேடியது. செருப்பை நான் வாசல் பக்கம் வைத்திருந்தேன்.

இனிமேல் அது தேவையில்லை என்றேன். தலையை ஆட்டினாள். கையை நீட்டவில்லை. டிரிப்பரைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். அவள் காதில் விழவே இல்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு வந்தேன். காலையும் நனைத்துக்கொண்டேன். ஒரு தடவை டிரிப்பர் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கதவைப் பிடித்தேன். திறந்தேன். பிடித்தபடியே நின்றேன். குளிர்ந்த காற்று வந்தது, வேறொன்றும் வரவில்லை. பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. அவளுக்கும் இல்லை போலிருக்கிறது, டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குடித்து முடித்த பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல விரல்களின் பின்பக்கத்தால் ஃபிரிட்ஜைத் தொட்டாள். சட்டென்று எடுத்தாள். மறுபடி தொட்டாள். அப்புறம் உள்ளங்கையை முழுக்கப் பதித்து வைத்தாள். வைத்துக்கொண்டே அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வடிவுக்குப் போன் போட்டு, "வா" என்றாள். மருமகன் லீவு பார்த்துத் திங்கட்கிழமை கொண்டுவந்து விடுகிறாராம்.

அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். ஆவுடை வாசலுக்குப் போய் அதை எடுத்து வந்து, ஃபிரிட்ஜ் பக்கத்தில் பழைய இடத்திலேயே போட்டாள்.

"கெடக்கட்டும். இந்த மழை முடியட்டும், பாப்போம்."